சர்வகலாசாலைப் பிரவேசமும் நடுவுநிலைமையும்

தகுதி என்னுஞ் சொல்லை நாம் இக்காலத்திற் பெரும்பாலும் பரீட்சைப் புள்ளியைக் குறித்தற்கே வழங்குகின்றோம். "அவன் தகுதியுடையவன், அவனுக்கு இடங் கிடைக்கவில்லை" என்று ஒருவர் வருந்தினால், அவன் இத்துணைப் புள்ளி பெற்றான், அவனிற் குறைந்த புள்ளி பெற்ற மற்றொருவன் உட்புகுந்தான் என்பதே அதன் பொருள். இங்ஙனங் கூறுவோர், புள்ளியானது மாணாக்கனுக்கே உரிய கைப்பொருள் என்றும், அதனைக் கொடுத்துச் சர்வகலாசாலையில் ஓரிடத்தை அவன் விலைக்குக் கொள்கின்றான் என்றும், விலை கொண்டு பொருள் கொடாமை களவென்றுங் கருதுகின்றனர் போலும். இக்கருத்து முழுவதும் பொய்யன்று. ஆயினும் அஃது எவ்வளவு மெய் என்று ஆராயாது விட்டமையால், இவ்விஷயத்தைப் பற்றி நம்மவருள் நிகழும் வாதம் ஐம்பதாண்டுகளாகச் செக்குமாடுபோல ஒரே வட்டத்திற் சுழன்றுகொண்டிருக்கின்றது.

முதலில் இடத்தின் அருமையைக் கூறுவாம். 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாக இலங்கையிற் பாலர் வகுப்பு முதற் சர்வகலாசாலை ஈறாகக் கல்வி இலவசமாயிற்று. இது கன்னங்கரா அவர்களின் முயற்சியால் விளைந்தது. அதற்கு முன்னர்ச் சுயபாஷைப் பாடசாலைகள் பணம் வாங்கவில்லை. ஆங்கிலப் பாடசாலைகள் வாங்கின. 1921இற் கொழும்பிலே தொடங்கிய யூனிவேர்சிற்றிக் கல்லூரியும், 1942இல் அதன் வழித்தோன்றிய இலங்கைச் சர்வகலாசாலையும் ஆங்கிலத்திலேயே போதித்தன. ஆகவே ஆங்கிலத்துக்குப் பணங் கொடுக்கமாட்டாதவனுடைய மகனுக்குச் சர்வகலாசாலை வாயிலில்லாத வீடாயிருந்தது. இலவசக் கல்வி பணத்தடையை நீக்கிற்று. பின்னாளிற் சுயபாஷை மூலம் போதித்தல் மொழித்தடையை ஒருவாறு நீக்கிற்று. தடை நீங்கவே வருவோர் தொகை பெருகிற்று. இடம் அத்துணைப் பெருகவில்லை. இன்றைக்கும் உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தி விண்ணப்பித்தற்குத் தகுதி பெறுவோருள் ஏறத்தாழ நாலிலொரு பங்கினரே அரசினர் சர்வகலாசாலைகளிற் புகுகின்றனர். ஒருவன் புகுதல் மற்றொருவன் புகாமையாகவே முடிகின்றது. எவர்க்கும் நோவாத வழி ஒன்றுண்டு என்பார் கணக்கறியாதார்.

இனி, 1971ஆம் ஆண்டுப் பிரவேசத்தில் நிகழ்ந்ததை நம் வீடுகளில் இன்னும் மறந்தாரில்லை. நானூறு புள்ளிக்கு நடந்த பரீட்சையிலே, பேராதனைப் பொறியியற் பகுதிக்குச் சிங்கள மொழியில் எழுதினோர் 227 பெற்றாலமையும், தமிழ் மொழியில் எழுதினோர் 250 பெறல்வேண்டும் என வெட்டுப்புள்ளி வகுக்கப்பட்டது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் என ஒரு கணித முறை புகுந்தது. 1974இல் மாவட்ட விகிதம் அதனோடு சேர்ந்தது. 1977இல் ஆட்சி மாறிய பின்னர் மொழிவாரி முறை கைவிடப்பட்டது. மாவட்ட முறை வெவ்வேறு விகிதங்களோடு நிலைத்துவிட்டது. இவை அனைத்தையுந் தரப்படுத்தல் என்னும் ஒரே சொல்லால் வைதல் நம்மவர் வழக்கம். அவ்வழக்கு மயக்கந் தருவது. இவற்றுள் ஒன்று அநீதி. மற்றது குறையுடையதோர் நீதி. இரண்டையும் பிரித்தறியாதார் இரண்டையுந் திருத்தமாட்டார்.

முன்னதை நோக்குக. முல்லைத்தீவுக் கரையிலே வலையிழுப்பவர் மகன் தமிழில் எழுதினான். அவனுக்கு 250 வேண்டும். கறுவாத்தோட்டத்து மாளிகையிற் பிறந்து சிங்களத்தில் எழுதியவனுக்கு 227 போதும். இவ்விருவருள் இடர்ப்பட்டுக் கற்றவன் யாவன்? அவ்விதி இவ்வினாவைக் கேட்கவேயில்லை. எந்தப் பாடசாலை, எத்துணை ஆசிரியர், வீட்டில் விளக்குண்டோ இல்லையோ என்பன அதற்கு வேண்டாதன. எந்த மொழியில் எழுதினாய் என்பதொன்றே அது கேட்டது. தாய்மொழியிலேயே கற்பித்த நாட்டில் அவ்வினா எந்த இனத்திற் பிறந்தாய் என்பதாகவே முடிந்தது. நலிந்தோரைக் கைதூக்குதல் என்று அதற்குப் பெயரிட்டாரேனும், நலிவை அளக்குங் கோல் அதன்கண் இருந்ததில்லை. அதனால் மனமுடைந்த இளைஞர் பின்னர் எவ்வழிச் சென்றனர் என்பதும், அதன் விளைவாக இந்நாடு முப்பதாண்டு எதனை அனுபவித்தது என்பதும் இங்கே விரிக்கவேண்டுவனவல்ல.

பின்னதோ வேறுவகை. மாவட்ட விகிதத்தால் யாழ்ப்பாணம் இழந்தது, கொழும்பும் இழந்தது. மன்னார், வவுனியா, மட்டக்களப்பு முதலிய இடங்கள் பெற்றன. கண்டி நாட்டுச் சிங்களக் கிராமங்களும் பெற்றன. இழந்தோருட் சிங்களரும் உளர். பெற்றோருட் டமிழரும் முஸ்லீம்களும் உளர். அக்காலத்தில் யாழ்ப்பாணத்து மேடைகளில் இப்பகுதி பேசப்பட்டதில்லை. வன்னியிலிருந்து முதன்முறையாக ஒரு பிள்ளை வைத்தியக் கல்விக்குப் போனதை நாம் தமிழர்க்கு ஊதியமாக எண்ணாமல், யாழ்ப்பாணத்துக்கு நட்டமாகவே எண்ணினோம்.

"அஃதென்னை? முயன்று கற்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்ன பிழை செய்தான்?" என்பாருமுளர். பிழை ஒன்றுஞ் செய்யவில்லை. அவனுடைய துயரம் மெய்யான துயரமே. அதனைப் பொறாமை என்றோ பேராசை என்றோ இகழ்வார் கல்நெஞ்சர். ஆயினும் அவன் பெற்ற புள்ளி முழுவதும் அவனுடையதுதானா என்பதை ஆராய்தல் வேண்டும்.

சித்தாந்த சாத்திரம் பயின்றார் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்னுமிவற்றை அறிவர். கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. ஆயினும் இருளிலே அது காணாது. விளக்கு வந்து காட்டியபோதே காணும். கண் பழுதில்லாத இருவரை, ஒருவனை நண்பகலிலும் மற்றொருவனை அமாவாசை இரவிலும் நிறுத்தி, தூரத்திலுள்ள எழுத்தைப் படியுங்கள் என்று சொல்லி, படித்தவனே கண்ணுடையான் எனத் தீர்ப்பளித்தால் நகையாடோமா? பரீட்சைப் புள்ளி கண்ணும் விளக்குஞ் சேர்ந்து ஈட்டிய முதல். அதில் எவ்வளவு கண்ணினது, எவ்வளவு விளக்கினது என்று அப்புள்ளி தானே சொல்லாது. 2001ஆம் ஆண்டு முதலாக வழங்கும் இசற் புள்ளியுஞ் சொல்லாது. ஒரு பாடத்தின் வினாக்கள் கடியனவாயும் மற்றொன்றின் வினாக்கள் எளியனவாயும் இருந்தால், அவ்வேற்றுமையை அது சமன்செய்யும். ஒரு வீட்டின் வறுமையையும் மற்றொன்றின் செல்வத்தையுஞ் சமன்செய்தற்கு அஃது இயற்றப்பட்டதன்று.

யாழ்ப்பாணத்தின் விளக்கு யாது? அமெரிக்க மிஷனார் 1816இல் இங்கு வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவினர். அவர் தந்த கல்விக்குச் சமயமே விலையாகின்றது எனக் கண்டு, நாவலரவர்கள் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். 1888இற் சைவபரிபாலன சபையும், 1923இற் சைவ வித்தியாவிருத்திச் சங்கமும் அவ்வழியைப் பெருக்கின. ஒரு சிறு தீபகற்பத்தில் இருசாராரும் போட்டியிட்டுப் பாடசாலைகளைக் கட்டியமையால், நூறாண்டுகளுக்குள் இந்நாட்டின் பிற பகுதிகள் பெறாத கல்விச் செல்வத்தை நாம் பெற்றோம். இதனை எழுதுவோனும் மிஷன் கல்லூரியொன்றிலே, செபமணி அடிக்கும்போது நெற்றியில் நீற்றோடு வரிசையில் நின்று, அவ்விளக்கிற் படித்தவனே. அது நம்முடைய உழைப்பும் பிறருடைய கொடையும் ஊரின் அமைதியும் கூடிய ஒளி. அவ்வமெரிக்கர் வேறொரு கரையில் இறங்கியிருந்தால், "இயற்கையாகவே கல்வியில் வல்ல மக்கள்" என்னும் புகழ்மொழி அக்கரையாருக்கே வழங்கியிருக்கும்.

இவ்விடத்தில் வினையை எடுத்துக்காட்டித் தடுப்பாரும் உளர். "வறியவன் வயிற்றிற் பிறந்தது அவன் வினை, செல்வன் வயிற்றிற் பிறந்தது இவன் வினை, இடையிலே நாம் புகுவதென்னை?" என்பர். பிறர் பசியைக் கண்டு இவ்வாறு கூறும் இவர், தம் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி கிட்டாதபோது வினையை நினையார், அமைச்சரையே நினைப்பர். வினைக் கொள்கை, தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தற்கும், தான் செய்யுஞ் செயலை அஞ்சிச் செய்தற்கும் சொல்லப்பட்டது. பிறனுக்கு உதவாமல் இருத்தற்கு அதனைச் சாட்டாகக் கொள்ளுதல் எந்தச் சாத்திரத்திலும் விதிக்கப்பட்டதன்று.

மற்றொரு தடை இதனினும் வலியது. "புள்ளி குறைந்தவனை வைத்தியனாக்கினால் நோயாளர் கதி என்னாம்? பாலம் இடிந்தால் யார் பொறுப்பு?" என்பது. இதற்கு விடை எளிது. ஆயினும் ஏனோ பலருந் தெளிவாகச் சொல்வதில்லை. பிரவேசப் பரீட்சை வைத்தியனை ஆக்குவதில்லை. உட்புகுந்தபின் அனைவரும் ஒரே விரிவுரையைக் கேட்டு, ஒரே வைத்தியசாலையிற் பயின்று, ஒரே இறுதிப் பரீட்சையை எழுதுகின்றனர். நோயாளரைக் காப்பது அவ்விறுதிப் பரீட்சை. அதனைப் பின்தங்கிய மாவட்டத்தாருக்கு எளிதாக்குக என்று எவருங் கேட்டிலர். கேட்டால் முதலில் எதிர்ப்போர் நாமாவோம். வாயிலில் இரக்கமும் முடிவிற் கண்டிப்பும் ஒருங்கே நிற்றல் கூடும். சிறு குறிப்பொன்று: வெளிநாட்டிற் பணங் கொடுத்து வைத்தியம் படித்துத் திரும்புவோரைக் குறித்து, இவ்வச்சம் செல்வர் வீடுகளில் அத்துணை உரக்கக் கேட்பதில்லை.

இனி மாவட்ட முறையின் குறையைச் சொல்லவேண்டும். இப்பொழுது பெரும்பாலான பாடநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை முறையாலும், 55 மாவட்டங்களின் குடித்தொகைக்கேற்பவும், 5 பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அப்பதினாறனுள் யாழ்ப்பாணமும் ஒன்று. போர் அவ்வாறு ஆக்கிற்று. நம் தந்தையர் வழிப்பறி என்று கூவிய ஒழுங்கின் கீழே நம் பிள்ளைகள் இன்று சலுகை பெறுகின்றனர். இப்பொழுது கூவுவாரைக் காணோம். முன்னர்க் கூவியதும் இப்பொழுது வாளாவிருப்பதும் ஒரே நியாயத்தால் என்றால், அந்நியாயம் யாதென ஒவ்வொருவருந் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்க. இழக்கும்போது அநீதி, பெறும்போது உரிமை என்பது வணிகர் கணக்கு. 2009ஆம் ஆண்டிற் செட்டிகுளத்து முகாம்களிற் கூடாரத்துக்குள்ளிருந்து உயர்தரப் பரீட்சை எழுதிய வன்னிப் பிள்ளையின் புள்ளியை, கொழும்பில் ரியூசன் நான்கு வைத்துப் படித்தவன் புள்ளியோடு ஒரு தட்டில் நிறுத்தல் தகாது என்பது நமக்கு எளிதில் விளங்குகின்றது. அது விளங்குமாயின், அக்காலத்து மொனராகலைச் சிங்களப் பிள்ளையின் வழக்கும் விளங்கவேண்டும்.

மாவட்டம் என்பது அரசினர் ஆட்சி வசதிக்கு வரைந்த கோடு. வறுமை அக்கோட்டின்படி நடப்பதில்லை. கண்டி மாவட்டத்துத் தெல்தோட்டைப் பக்கத்தை எடுத்துக்கொள்க. அதனை அடுத்த லூல்கந்துரைத் தோட்டத்திலேதான் 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் என்பவர் தேயிலையை முதன்முதல் வியாபாரமாகப் பயிரிட்டார். அவ்வயலிலே கொழுந்தெடுப்போர் தமிழர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிரஜாவுரிமை இழந்த மரபினர். பல தலைமுறையாகத் தோட்டப் பாடசாலையிற் கீழ்வகுப்போடு கல்வியை முடித்தவர். நுவரெலியா பின்தங்கிய மாவட்டம். பதுளையும் இரத்தினபுரியும் அவ்வாறே. கண்டி அவ்வரிசையில் இல்லை. ஆகவே நுவரெலியாப் பட்டினத்துக் கடைமுதலாளி மகனுக்குக் கிடைக்குஞ் சலுகை, தெல்தோட்டை லயத்திலே பத்தடி அறையிற் படிக்கும் பிள்ளைக்கு இல்லை. அவன் கண்டிப் பட்டினத்துப் பெருங்கல்லூரி மாணாக்கரோடு ஒரே மாவட்டக் கணக்கிற் போட்டியிடுகின்றான். கொழும்பிலே வாய்க்கால் ஓரத்துக் குடிசைப் பிள்ளைக்கும் இதே கதி. அவனுடைய மாவட்டத்தில் றோயல் கல்லூரி இருக்கின்றது, அவன் அதனுள் இல்லை.

இன்னொரு கேடும் இதனால் விளைந்தது. பின்தங்கிய மாவட்டத்துப் பாடசாலையிற் பெயரைப் பதிந்துவைத்து, ரியூசனுக்குப் பட்டினத்தில் நிற்கும் மாணாக்கரை அறியாத உபாத்தியாயர் உண்டோ? வரவுப் பதிவிலே வந்தானென எழுதிக்கொடுக்கும் அதிபர்களும் உளர். வறியவனுக்கு விட்ட கதவால் வசதியுடையவன் நுழைகின்றான். இது கண்டும் நாம் பேசாதிருக்கின்றோம்; ஏனெனில் நுழைபவன் சிலவேளை நம் மருமகனாயிருக்கின்றான்.

ஆதலின் அளக்கவேண்டியது மாவட்டத்தையன்று, பாடசாலையையும் வீட்டையும் என்பதே எம் கருத்து. இந்நாட்டில் ஏறக்குறையப் பதினாயிரம் அரசினர் பாடசாலைகள் உள. அவற்றுள் உயர்தர விஞ்ஞான வகுப்பு உடையன பத்திலொரு பங்களவே. பௌதிகமும் இரசாயனமும் படிப்பிப்பார் இல்லாத ஊரிலே, வைத்தியப் பிரவேசத்துக்கு ஐந்து வீதஞ் சலுகை என்பது பல்லில்லாதவனுக்குக் கரும்பைக் காட்டுவதாம். அப்பிள்ளை விஞ்ஞானத்துக்கு விண்ணப்பிப்பதேயில்லை. ஒரு பாடசாலையில் ஆய்வுகூடம் உண்டா, அப்பாடத்துக்கு ஆசிரியர் ஈராண்டும் நின்றாரா, முன்னர் அங்கிருந்து எத்துணைப்பேர் போயினர், பெற்றோர் எம்மட்டும் படித்தவர் என்பனவெல்லாங் கல்விப்பகுதியார் ஏடுகளிலே கிடக்கின்றன, அல்லது எளிதிற் கேட்டறியத்தக்கன. ஒத்த விளக்கிற் படித்தவர்களுள் யார் மேம்பட்டான் என்று பார்த்தல் அரிதன்று. அவ்வாறு பார்த்தால் மொழியையும் இனத்தையுங் கேட்கவேண்டுவதில்லை. வறிய சிங்களவனும் வறிய முஸ்லீமும் வறிய தமிழனும் ஒரே வாயிலால் வருவர். பெருங்கல்லூரிப் பிள்ளைக்குத் திறமை முறையில் உள்ள இடங்கள் திறந்தே இருக்கும். இம்முறையிலும் பொய் புகும். ஆயினும் ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒரே முத்திரை குத்துவதிற் புகுமளவு புகாது.

அரசினரைக் கேட்குமுன் நம்மைக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. 1930ஆம் ஆண்டையொட்டி, உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக இருக்கவேண்டும் என்று கல்விப்பகுதியார் கட்டளையிட்டபோது, யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்ததென்ன? நிலத்திலும் வாசலிலும் இருத்தப்பட்ட பிள்ளைகள் வாங்கில் ஏறியமைக்காகப் பாடசாலைகள் தீவைக்கப்பட்டன. வைத்தவர் சிங்களரல்லர். நீறு பூசியவர்களும் அவருள் இருந்தனர். திருநாளைப்போவாரைத் திருமுறையிற் கும்பிட்டு, அவர் குலத்துப் பிள்ளையைத் திண்ணையில் இருத்திய நாம், தகுதியொன்றே நோக்கப்படவேண்டும் என்று 1971இற் கூறியபோது, அக்கூற்று மெய்யாயிருந்தும் நம் வாயில் அதன் வலி பாதியாயிற்று. அன்று வாசலில் இருந்தவனின் பேரன் இன்று எந்தப் பாடசாலையிற் படிக்கின்றான் என்று பாருங்கள். பெரும்பாலும் ஊரின் ஓரத்துச் சிறு பாடசாலையில். அங்கே உயர்தர வகுப்பு இல்லை. மாவட்டக் கணக்கிலே அவனும் யாழ்ப்பாணத்தவன்தான்.

இத்தனையுங் கடந்து ஒருவன் உட்புகுந்தானென வைத்துக்கொள்க. அங்கே ஆங்கிலத்தில் விரிவுரை. இவன் ஊரில் ஆங்கில ஆசிரியர் மாதத்துக்கொருமுறை வந்தவர். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மகாபொல நிதியம் புலமைப்பரிசில் தருகின்றது. அது பெருந்துணையே, ஆயினும் அறைவாடகைக்கும் உணவுக்கும் ஒருங்கே காணாது. பகிடிவதை என்னும் இழிதொழில் வேறு. முதலாண்டிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பியவர் சிலரை இதனை எழுதுவோன் அறிவான். அவருள் ஒருவன் வகுப்பிற் கணிதத்தில் எவருக்கும் இரண்டாமிடத்தை விடாதவன். "என்னடா வந்துவிட்டாய்?" என்று கேட்டதற்கு, "சேர், விளங்கவில்லை எண்டு சொல்லவும் அங்கே இங்கிலீசு வேணும்" என்றான்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நம் பெருங்கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் விருந்து வைத்துப் பணந் திரட்டுகின்றன. அப்பணம் பெரும்பாலும் அக்கல்லூரிகளுக்கே வருகின்றது. விளையாட்டரங்குக்கு மேலொரு தளமும், மண்டபத்துக்குக் குளிரூட்டியும் அமைகின்றன. நன்றியுணர்ச்சியால் வருங் கொடையை நாம் குறைகூறுகின்றோமல்லேம். ஆனால் ஒவ்வொரு பெருங்கல்லூரிக்கும் ஐந்து மைல் வட்டத்துள் ஆய்வுகூடமில்லாத பாடசாலை இரண்டு மூன்று உண்டு. அவற்றுக்கு ஒரு விஞ்ஞான ஆசிரியரின் ஈராண்டுச் சம்பளத்தையும், இவ்வருடம் சர்வகலாசாலைக்குப் போகும் அப்பாடசாலைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டி மூன்றுமாத ஆங்கில வகுப்பையும் அச்சங்கங்கள் கொடுக்கலாம். அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பில் இதனைச் சேர்க்கும்படி காரியதரிசிக்கு ஒரு கடிதம் எழுதுதற்கு, இதனை வாசிக்கும் அன்பர்களுள் அச்சங்கங்களின் அங்கத்தவராயிருப்போர்க்கு உரிமையுண்டு.